13 ராத்திரி, 9 ஊரு, ரெண்டு புள்ளைங்க: யூரோப்ல கார் ஓட்டிகினு போற பிளான், சரியா வருமா?

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிகினு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொதல் தடவ எழுதுறேன். வர்ற மே மாசம் ஸ்கூல் லீவுல குடும்பத்தோட யூரோப் போலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரம்மா, பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு மூணர வயசு. நம்ம ஊரு கத்திரி வெயில்ல இருந்து ரெண்டு வாரம் தப்பிச்சா போதும்னு ஒரு பக்கம், அஞ்சு வருஷமா சேத்து வெச்ச காசு ஒரு பக்கம். டூர் பேக்கேஜ் விசாரிச்சேன், காலைல 6 மணிக்கு பெட்டியோட பஸ்ஸுல ஏறணுமாம், எங்க பையன வெச்சிகினு அது ஆவாது. அதனால கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம்னு முடிவு. 15 வருஷமா ஓட்டுறேன், வேலூர்ல இருந்து கன்னியாகுமரிக்கு ஒரே மூச்சுல போயிருக்கேன், அதனால ஓட்டுறதுல பயம் இல்ல.

பிளான் இதுதான். பாரிஸ் 2 ராத்திரி, ப்ரஸ்ஸல்ஸ் 1, ஆம்ஸ்டர்டாம் 2, கொலோன் 1, ஹைடல்பெர்க் 1, இன்டர்லாகன் 2, மிலான் 1, வெனிஸ் 1, ரோம் 2. பாரிஸ்ல கார் எடுத்து ரோம்ல விட்டுட்டு அங்க இருந்தே ஃப்ளைட்டு. இது முடியுமா? விசா எந்த நாட்டுக்கு போடணும்? லைசென்ஸ், குழந்தைங்க சீட்டு இதெல்லாம் எப்படி? பையன் தயிர் சாதம் தவிர வேற எதையும் வாய்ல வெக்க மாட்டான், அதுக்கு எதாவது வழி இருக்கா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க, திட்டுறதா இருந்தாலும் பரவால்ல.

குடியாத்தம் டூ ஸ்டுட்கார்ட்:

திட்டலண்ணா, ஆனா ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். நீங்க சொன்ன ஊரையெல்லாம் மேப்புல வரிசையா போட்டா கிட்டத்தட்ட 2500 கிலோமீட்டர் வருது, அதாவது கன்னியாகுமரிக்கு ரெண்டு தடவ போயி ரெண்டு தடவ திரும்பி வர்ற தூரம். தூரத்த கூட ஓட்டிடலாம், நீங்க ஓட்டுவீங்க. பிரச்சன என்னன்னா 9 ஊருன்னா 9 தடவ ரூம் காலி பண்ணணும், 9 தடவ பெட்டி கட்டணும், 9 தடவ பார்க்கிங் தேடணும். மூணர வயசு பையனோட ரூம் காலி பண்ணி கார்ல உக்கார வெக்கவே காலைல 10:30 ஆயிடும், அடுத்த ஊருக்கு போயி சேர்றப்ப சாயங்காலம், அவன் தூங்கி வழிவான், நீங்க பாத்தது இன்னான்னு கேட்டா ஹைவே. நான் இங்க வந்த புதுசுல எங்கப்பா அம்மாவ இப்படித்தான் 8 நாள்ல 6 ஊரு காட்டினேன், எங்கம்மா ஊருக்கு போயி எல்லார்கிட்டயும் சொன்னது "பெட்ரோல் பங்க் எல்லாம் ரொம்ப சுத்தமா வெச்சிருக்காங்க".

அதனால எத்தன ஊர்னு எண்ணாதீங்க, எத்தன தடவ பெட்டி கட்டுறோம்னு எண்ணுங்க. 13 ராத்திரிக்கு நாலு இல்ல அஞ்சு தடவ, அதுக்கு மேல வேணாம். ஒரு நாள்ல கார் சீட்ல 3 மணி நேரத்துக்கு மேல புள்ளைங்கள உக்கார வெக்காதீங்க, மேப் 2 மணி நேரம்னு காட்டினா உங்களுக்கு அது 3 மணி நேரம்.

அப்புறம் பாரிஸ்ல எடுத்து ரோம்ல விடுறது. ஒரு நாட்டுல எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா ஒன்வே சார்ஜுன்னு தனியா போடுவாங்க, பல நேரம் மொத்த வாடகையையே தாண்டிடும். எடுத்த எடத்துலயே விடுற மாதிரி ரவுண்டா போடுங்க. சென்னைல இருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேர் ஃப்ளைட் இருக்கு, அங்க இருந்தே ஆரம்பிங்க. என் ரூட்டு இது: ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கின அன்னிக்கு கார் எடுக்காதீங்க, ராத்திரி முழுக்க ஃப்ளைட்ல உக்காந்து வந்துட்டு முன்னபின்ன தெரியாத ரோட்ல வலது பக்கம் ஓட்டுறது வேணாம், ஒரு ராத்திரி அங்கயே தூங்குங்க. அடுத்தது ஹைடல்பெர்க் 2 ராத்திரி, அது 85 கிலோமீட்டர்தான். அப்பால ப்ளாக் ஃபாரஸ்ட்ல டிட்டிசே ஏரி பக்கம் 4, சுவிஸ்ல இன்டர்லாகன் இல்ல ப்ரியன்ஸ் ஏரி பக்கம் 4, திரும்பி வர்றப்ப பிரான்ஸ்ல கொல்மார் 2, அங்க இருந்து ஃப்ராங்க்ஃபர்ட். எல்லாம் சேத்து ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், ஊருக்குள்ள சுத்துறது தனி. ஜெர்மனில காருக்கு டோல் கிடையாது, சுவிஸ் பார்டர்ல இருக்குற பாசல்ல இருந்து கொல்மார் ஸ்ட்ராஸ்பர்க் போற ரோட்டுக்கும் கிடையாது, சுவிஸ் ஹைவேக்கு மட்டும் விஞ்யெட்னு 40 ஃப்ராங்க் கட்டணும். அது வருஷத்துக்கு தான் விப்பாங்க, ஒரு நாளு ஒரு வாரம்னு பேச்சே இல்ல. ஆன்லைன்லயே வண்டி நம்பர் போட்டு வாங்கலாம். வாங்காம மாட்டினா 200 ஃப்ராங்க் ஃபைன், அதோட விஞ்யெட்டும் வாங்கணும்.

மே மாசம்னு சொன்னதால இன்னொண்ணு. ஃபுர்கா, க்ரிம்சல், சுஸ்டன்னு வீடியோல பாக்குற மலை ரோடெல்லாம் பனி மூடி ஜூன் வரைக்கும் பொதுவா திறக்க மாட்டாங்க, அத நம்பி பிளான் போடாதீங்க. ப்ரூனிக் கணவாய் மட்டும் வருஷம் பூரா திறந்திருக்கும், உயரம் ஆயிரம் மீட்டர்தான். அப்புறம் ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழிச்சு பெந்தெகொஸ்தே வரும், அத ஒட்டி எங்க பக்கம் ஸ்கூலுக்கு லீவு, ஜெர்மன்காரன் மொத்தப் பேரும் கேரவன எடுத்துகினு கிளம்பிடுவான். அதுக்கு முன்னாடி வந்து போயிடுங்க.

ஆம்பூர் தம்பிரியாணி:

ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்னதுல எல்லாம் சரி, சாப்பாட்ட பத்தி ஒரு வார்த்த இல்ல பாருங்க. சீரக சம்பா கிடைக்குமா அங்க? 😄

சத்துவாச்சாரி அம்மா:

பிரியாணிக்கு வழி இல்ல தம்பி, தயிர் சாதத்துக்கு வழி இருக்கு, நான் சொல்றேன். நாங்க போன வருஷம் போனோம், எனக்கும் ரெண்டு, அப்ப 9ம் 5ம். ஹோட்டல் ரூம் எடுக்காதீங்க, கிச்சன் இருக்குற அப்பார்ட்மென்ட் எடுங்க. ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்ல மில்ஷ்ரைஸ்னு ஒரு குண்டு அரிசி விக்கிறாங்க, அவங்க அத பால்ல போட்டு இனிப்பு பண்றதுக்கு. அத தண்ணி கூட வெச்சு வேக வெச்சா நம்ம பச்சரிசி மாதிரி அப்படியே குழஞ்சிடுது. கூட 3.5 பர்சன்ட்னு போட்ட சாதா தயிர், உப்பு, அவ்ளோதான். என் சின்னவ முதல் வாய் வெச்சிட்டு "பாட்டி வீட்டு தயிர் சாதம்"னு சொன்னப்ப எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஒண்ணு மறந்துடாதீங்க, ஞாயித்துக்கிழமயும் லீவு நாள்லயும் கடையெல்லாம் மூடி கிடக்கும், சனிக்கிழமயே பால் தயிர் வாங்கி வெச்சிடணும், நாங்க தெரியாம ஒரு ஞாயிறு பூரா பிஸ்கட்லயே ஓட்டினோம்.

ஆற்காடு மக்கன் பேடா எடுத்துட்டு போயி அங்க இருக்குற சொந்தக்காரங்களுக்கு குடுக்கலாம்னு நெனச்சிருந்தா விட்டுடுங்க. வெளிநாட்டுல இருந்து பால் பொருள், கறி எதுவும் உள்ள விட மாட்டாங்க, பேடால கோவா இருக்கு, நெய்யும் அப்படித்தான். பச்ச கறிவேப்பில, மாம்பழமும் வேணாம். பருப்பு பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் இதெல்லாம் எடுத்துட்டு போனோம், யாரும் ஒண்ணும் கேக்கல. குக்கர் எடுத்துட்டு போனா பிளக்க பாத்துக்கோங்க, நம்ம மூணு முள்ளு பிளக் எங்கயும் ஏறாது, ஜெர்மனிக்கு வாங்குற குண்டு அடாப்டர் சுவிஸ்ல ஏறாது, அந்த ஊருக்கு தனியா வாங்கணும்.

இப்ப முக்கியமான விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க புள்ளைங்களுக்கு மலை ரோட்ல வாந்தி வருமா? எனக்கு தெரியல, நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க. என் பெரியவனுக்கு ப்ரூனிக் வளைவுல வந்துச்சு, லஞ்சுக்கு சாப்பிட்ட பாஸ்தா மொத்தமும் சீட்டு பெல்ட்டு மாட்டுற ஓட்ட உள்ள இறங்கிடுச்சு. ஏரி ஓரமா நிறுத்தி நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு மணி நேரம் ஈர டிஷ்யூவும் காது குடையுற பட்ஸும் வெச்சு நோண்டினோம், பின்னாடி உலகத்துலயே அழகான ஏரி, ஒருத்தரும் திரும்பி கூட பாக்கல. கார் திருப்பி குடுத்தப்ப மோந்து பாத்துட்டு க்ளீனிங் சார்ஜ் போட்டாங்க. அதனால போறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஏலகிரி கூட்டிட்டு போங்க, 14 வளைவு இருக்கு, சாப்பிட வெச்சு ஏத்துங்க. அங்க தாங்கினா எங்கயும் தாங்குவாங்க.

ராத்திரி வெளிச்சமும் சொல்லணும். மே கடைசில 9 மணி வரைக்கும் வெளில பகல் மாதிரி இருக்கும், தூங்க சொன்னா "இன்னும் சாயங்காலம்தானே"ன்னு கேப்பாங்க. ஆனா நம்ம காலைல 7 மணின்னா அங்க விடிகால 3:30, முதல் நாலு நாள் அந்நேரத்துக்கு எழுந்து உக்காந்துப்பாங்க. ரெண்டையும் சேத்து பாத்துக்கோங்க!

காட்பாடி ஜங்ஷன்:

அக்கா, பட்ஸ் மேட்டர படிச்சிட்டு வீட்டுக்காரம்மா சிரிக்கிறாங்க, நான் சிரிக்கல. ஸ்டுட்கார்ட் அண்ணா, ரூட்டு மேப்புல போட்டு பாத்தேன், மனசு வலிக்குது ஆனா நியாயமா இருக்கு. இத்தாலி மொத்தமா விட்டுடணுமா? வெனிஸாவது? இந்த ரூட்டுக்கு விசா யாருது?

ராணிப்பேட்டை தோல்காரன்:

இத்தாலிய பத்தி நான் சொல்றேன், தொழில் விஷயமா சான்டா க்ரோச்சே பக்கம் அடிக்கடி போறவன். பிசாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவுல இருக்கு, நம்ம ராணிப்பேட்டை மாதிரி ஊரு பூரா தோல் பதப்படுத்துற டேனரி, காத்துல அதே வாசன, இறங்கின உடனே வீட்டு ஞாபகம் வந்துடும். அங்க காருன்னா ஒரு பெரிய வம்பு இருக்கு, இசட்டிஎல். பழைய ஊருக்குள்ள உள்ளூர் வண்டி மட்டும்தான் போலாம், கேட்டு கிடையாது போலீஸ் கிடையாது, ஒரு போர்டும் மேல ஒரு கேமராவும்தான். நான் ஹோட்டல் தேடிகினு ஒரே தெருவுல மூணு சுத்து சுத்தினேன். ஊருக்கு வந்து அஞ்சு மாசம் கழிச்சு, மறந்தே போயிட்டேன், கார் கம்பெனி க்ரெடிட் கார்டுல காசு எடுத்திருக்கான், என்னடான்னா என் அட்ரஸ போலீஸுக்கு குடுத்ததுக்கு கூலியாம். அப்பால இத்தாலில இருந்து ஃபைன் நோட்டீஸ் தனியா வந்துச்சு, ஒண்ணு இல்ல, மூணு சுத்துக்கு மூணு. வெனிஸ்ல கார் உள்ளயே போவாது, வெளில காசு கட்டி நிறுத்திட்டு படகுதான். புள்ளைங்களோட இத்தாலி போகணும்னா இன்னொரு வருஷம் தனியா போங்க, ட்ரெயின்ல போங்க.

விசா: எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அவங்க கிட்ட போடணும், சமமா இருந்தா முதல்ல எங்க நுழையிறீங்களோ அவங்க. இந்த ரூட்டுல ஜெர்மனி 7, சுவிஸ் 4, பிரான்ஸ் 2, அப்ப ஜெர்மனி. ரூம் புக்கிங்க மாத்தினா இந்த எண்ணிக்கையும் மாறும், அத பாத்துகினே மாத்துங்க. பெரியவங்களுக்கு 90 யூரோ, பொண்ணுக்கு 45, ஆறு வயசுக்கு கீழ ஃபீஸ் இல்ல, அதனால பையனுக்கு இல்ல, விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ் தனி. 12 வயசுக்கு கீழ கைரேகையும் கிடையாது. இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவர் இருக்கணும். ஆறு மாசம் முன்னாடியே போடலாம், சென்னைல மே மாச கூட்டத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது கஷ்டம், டிசம்பர்லயே ஆரம்பிங்க.

ஒரு சைடு விஷயம், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்துல ஓஃபன்பாக்னு ஊரு, அங்க தோலுக்குன்னே ஒரு மியூசியம் 1917ல இருந்து இருக்கு. நம்ம ஜில்லா புள்ளைங்க ஒரு மணி நேரம் பாக்கட்டுமே. எங்க வீட்ல யாரும் வர மாட்டேன்னுட்டாங்க, அது வேற.

ஜோலார்பேட்ட கூட்ஸ்:

எல்லாரும் காரு காருன்னே பேசுறீங்க. சுவிஸ்ல எதுக்குங்க காரு? டிராவல் பாஸ் எடுத்தா ட்ரெயின், பஸ், படகு எல்லாம் அதுலயே. 6 வயசுக்கு கீழ எப்பவும் ஃப்ரீ, 6ல இருந்து 16 வரைக்கும் அப்பா அம்மா கிட்ட பாஸ் இருந்தா ஃபேமிலி கார்டு ஃப்ரீயா தர்றாங்க. புள்ள எழுந்து நடக்கலாம், பாத்ரூம் இருக்கு, அப்பாவும் ஜன்னல் வழியா பாக்கலாம். வெங்கன், ம்யூரன் மாதிரி ஊருக்கெல்லாம் கார் போகவே போகாது, லவுட்டர்ப்ருனன்ல நிறுத்திட்டு ட்ரெயினோ ரோப் காரோதான் ஏறணும். அப்ப அந்த நாலு நாள் காருக்கு வாடகையும் கட்டி, பார்க்கிங்கும் கட்டி, ட்ரெயினுக்கும் கட்டுவீங்க.

குடியாத்தம் டூ ஸ்டுட்கார்ட்:

கூட்ஸ் சொல்றது சுவிஸ்ல நூத்துக்கு எம்பது சரி. ஆனா ப்ளாக் ஃபாரஸ்ட்ல தள்ளுவண்டி, ரெண்டு பெட்டி, தூங்குற புள்ளய தோள்ல போட்டுகினு பஸ் மாறுறதுன்னா நான் மாட்டேன். கார் வெச்சிக்கங்க, சுவிஸ்ல அது பாதி நாள் நின்னாலும் பரவால்ல. அதே சமயம் டிட்டிசே பக்கம் நிறைய ஊர்ல தங்கினா கோனுஸ்னு ஒரு கார்டு தருவாங்க, ப்ளாக் ஃபாரஸ்ட் லோக்கல் பஸ், ட்ரெயின் எல்லாம் ஃப்ரீ, ரூம் போடுறப்பவே கேட்டுக்கங்க. ஒரு நாள் ரூஸ்ட்ல இருக்குற யூரோப்பா பார்க்னு தீம் பார்க், 3 வயசு வரைக்கும் டிக்கெட் இல்ல, பையனுக்கு 4 ஆகறதுக்குள்ள போயிடுங்க. ஒரு நாள் ரைன் ஃபால்ஸ், 23 மீட்டர்தான் உயரம் ஆனா அகலம் 150 மீட்டர், ஆனா அது சுவிஸ் பக்கம். ஹைடல்பெர்க் கோட்டைய பாத்துட்டு பொண்ணு "நம்ம வேலூர் கோட்டையே பரவால்ல, அகழில தண்ணி இருக்கு"ன்னு சொல்லும், அப்ப கீழ்த்தளத்துல இருக்குற பீப்பாய காட்டுங்க, 1751ல செஞ்சது, ரெண்டு லட்சம் லிட்டருக்கு மேல ஒயின் புடிக்கும், மேல ஏறி நிக்கலாம்.

சுவிஸ்ல எல்லாரும் யுங்ஃப்ராவ்யோக்குன்னு ட்ரெயின்ல ஏறுற பனி மலைக்கு ஓடுவாங்க, 3454 மீட்டர், பணமும் அதே உயரம். வானம் தெளிவா இல்லன்னா காசு போட்டு வெள்ள சுவர பாத்துட்டு வருவீங்க, காலைல மலை மேல இருக்குற கேமராவ நெட்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. லவுட்டர்ப்ருனன்ல ஸ்டவுப்பாக் அருவி சும்மா ரோட்ல நின்னே பாக்கலாம், கிட்டத்தட்ட 300 மீட்டர். பக்கத்துலயே ட்ரும்மல்பாக்னு மலைக்குள்ள அருவி, 4 வயசுக்கு கீழ உள்ள விட மாட்டாங்க, பையன் வாசல்ல அழுவான், ஒருத்தர் அவனோட வெளில நிக்கணும்.

ஓட்டுறது. ஐடிபின்னு வெளிநாட்டுல ஓட்டுற பர்மிட்ட நம்ம வேலூர் டிஎன் 23 ஆர்டிஓ ஆபீஸ்லயே எடுத்துடலாம், ஒரு வருஷம் செல்லும், ஒரிஜினல் லைசென்ஸும் கூட இருக்கணும். க்ரெடிட் கார்டு ஓட்டுறவர் பேர்லயே இருக்கணும், டெபாசிட் புடிப்பாங்க. ஆட்டோமேட்டிக்னு கேட்டு புக் பண்ணுங்க, இல்லன்னா மேனுவல் குடுத்துடுவாங்க, கியர் வலது கைக்கு வந்துடும், முதல் நாள் கதவ தான் புடிச்சி இழுப்பீங்க. இன்டிகேட்டரும் இடது பக்கம், நீங்க திரும்புறப்பெல்லாம் வைப்பர் ஓடும், நான் ஒரு வாரம் மழையே இல்லாம வைப்பர் போட்டுகினு சுத்தினேன். ஹைவேல வலது லேன்லயே போங்க, ஓவர்டேக் பண்ண மட்டும் இடது, பண்ணிட்டு உடனே திரும்பிடணும். நம்ம வாலாஜா ரோட்ல லாரி ஃபாஸ்ட் லேன்ல குடித்தனம் பண்ற மாதிரி இங்க பண்ணினா பின்னாடி 200ல வர்றவன் லைட் அடிச்சே கொன்னுடுவான். ட்ராஃபிக் நின்னா இடது லேன் வண்டி இடது ஓரம், மத்தவங்க வலது ஓரம் ஒதுங்கி ஆம்புலன்ஸுக்கு நடுவுல வழி விடணும், சட்டமே இருக்கு. சுவிஸ்ல 120, அதுக்கு மேல ஆசப்படாதீங்க.

குழந்த சீட்டு ரெண்டு பேருக்குமே கட்டாயம், ஜெர்மனிலயும் சுவிஸ்லயும் 12 வயசு இல்லன்னா 150 சென்டிமீட்டர் ஆகுற வரைக்கும், 8 வயசு பொண்ணுக்கும் பூஸ்டர்னு உயரம் ஏத்துற சீட்டு வேணும். சீட்டுல ஆரஞ்சு லேபிள்ல ஆர்44 இல்ல ஆர்129னு இருக்கணும். வாடகைக்கு 13 நாளைக்கு போடுற காசுல இங்க கடைல புது பூஸ்டரே வாங்கிடலாம், பையன் சீட்ட மட்டும் வாடகைக்கு எடுங்க.

சத்துவாச்சாரி அம்மா:

பாத்ரூம விட்டுட்டீங்களே தம்பி. ஹைவே பாத்ரூம்க்கு ஆளுக்கு 1 யூரோ, சின்ன பசங்களுக்கு பக்கத்துல குட்டி கேட் இருக்கு, ஃப்ரீ. அங்க குடுக்குற கூப்பன தூக்கி போட்டுடாதீங்க, அந்த கடைலயே 1 யூரோ கழிச்சிக்கலாம். அப்புறம் எந்த ஊருக்கு போனாலும் விளையாட்டு மைதானம் ஒண்ணு இருக்கும், மணல், சறுக்கு, ஊஞ்சல், காசு இல்ல. என் புள்ளைங்க ட்ரிப்ல எது பிடிச்சதுன்னு கேட்டா இன்னிக்கும் ஏதோ பேர் தெரியாத கிராமத்து சறுக்குமரத்த தான் சொல்லுதுங்க. பிளான்ல தினம் ரெண்டு மணி நேரம் சும்மா விடுங்க.

காட்பாடி ஜங்ஷன்:

சரி, ஒத்துக்கினேன். ரூட்டு ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்னதே. ஆனா வீட்ல ஒரு சண்ட பாக்கி இருக்கு, யூரோப் போயிட்டு ஈஃபில் டவர் பாக்காம வந்தா சொந்தக்காரங்க இன்னா கேப்பாங்கன்னு மாமியார் ஃபோன்ல ஆரம்பிச்சுட்டாங்க. கொல்மார்ல இருந்து பாரிஸ் கார்ல போனா எவ்ளோ நேரம்?

குடியாத்தம் டூ ஸ்டுட்கார்ட்:

கார்ல வேணாம்ணா. ஸ்ட்ராஸ்பர்க்ல ஊருக்கு வெளில ட்ராம் ஸ்டாப்போட பார்க்கிங் இருக்கு, அங்க காரை விட்டுட்டு டிஜிவின்னு ஃபாஸ்ட் ட்ரெயின்ல ஏறினா 2 மணி நேரத்துக்குள்ள பாரிஸ். காலைல போயி டவர் பாத்து ஃபோட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்பிட்டு ராத்திரி திரும்பிடலாம். டிக்கெட் மட்டும் முன்னாடியே போடுங்க, கிட்ட வர வர ஏறிடும். கொல்மார் 2 ராத்திரிய ஸ்ட்ராஸ்பர்க்னு மாத்திக்கங்க, இன்னும் சுலபம். பிரான்ஸ் கணக்கு அதே 2தான், விசா மாறாது.

ஜோலார்பேட்ட கூட்ஸ்:

கடைசில ட்ரெயினுக்கு தானே வந்தீங்க.

காட்பாடி ஜங்ஷன்:

கூட்ஸ் அண்ணா 🙏 மாமியார் ஓகே சொல்லிட்டாங்க, ஃபோட்டோ டவருக்கு நேரா கீழ நின்னு எடுக்கணுமாம். வர்ற ஞாயித்துக்கிழம ஏலகிரி போறோம் அக்கா. போற வழில ஆம்பூர்ல பிரியாணி சாப்பிட வெச்சு, அப்பால தான் மலை ஏத்தப் போறேன். ப்ளாஸ்டிக் கவரு பத்து எடுத்து வெச்சாச்சு, பட்ஸும் ஒரு டப்பா.